பொழுதோடு சாப்பிடும் வீடு

வெயில் இன்னும் வாசலில் கிடக்கும்போதே எங்களுக்கு இரவுச் சாப்பாடு வந்துவிட்டது. நாங்கள் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. சென்னையிலிருந்து காரில் குலுங்கி வந்த வயிறு இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. பெரிய தட்டு ஒன்றில் சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, மிளகு ரசம், ஓரத்தில் இரண்டு கேழ்வரகு அடை. கொண்டு வந்த பெண் நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள்.

"சூடா இருக்குது அக்கா. சாப்பிட்டுட்றீங்களா?"

மலேசியாவில், எங்கள் ஈப்போவில், அது தேநீர் குடிக்கிற நேரம். "இப்பவா? வச்சிட்டுப் போங்க தங்கச்சி. நாங்க ராத்திரி மெதுவா சாப்பிட்டுக்கிறோம்" என்றேன்.

"சரிங்க" என்றாள். தட்டில் இருந்ததையெல்லாம் ஹாட் பாக்ஸ்களுக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் திருகி மூடிவிட்டு, முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் வீட்டுக்குப் போனாள்.

எவ்வளவு நல்ல பெண், எதற்கும் முகம் சுளிக்கவில்லையே என்று நான் என் கணவரிடம் மெச்சிக்கொண்டேன்.

நாங்கள் அங்கே போனதே அவரை நடக்க வைப்பதற்குத்தான். என் கணவர் மணியம் மலேசியாவில் பஸ் ஓட்டியவர். வாழ்நாள் முழுக்கச் சக்கரத்தின் மேலேயே இருந்த மனிதர். தெருக்கோடிக் கடைக்குப் போகக்கூட மோட்டார் சைக்கிளை உதைப்பார். போன வருஷம் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். காலிலிருந்து ரத்தக் குழாயை எடுத்து இருதயத்தில் வைத்துத் தைத்தார்கள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அதற்குப் பின்னால் வந்ததுதான் நன்றாக இல்லை. ஹாலில் ஒரு நாற்காலி, எதிரே டிவி, அவ்வளவுதான் அவருடைய உலகம் என்று ஆகிவிட்டது. நடங்க, நடங்க என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது நான் ஒரு வேண்டுதல் வைத்திருந்தேன். இவரைப் பிழைக்க வை, திருவண்ணாமலைக்குக் கூட்டிவந்து உன் மலையைச் சுற்றி நடக்க வைக்கிறேன் என்று. எங்கள் பக்கத்து வீட்டு அம்மா வருஷம் தவறாமல் கிரிவலத்துக்குப் போய் வருகிறவர். அவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது. வேண்டிக்கொள்ளும்போது யாரும் தூரத்தை விசாரிப்பதில்லை. பதினாலு கிலோமீட்டர் என்று பிறகுதான் தெரிந்தது.

அதனால்தான் டவுனில் லாட்ஜ் எடுக்காமல், கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் இந்த வீட்டை எடுத்தோம். ஒரு வாரம் வயல் வழியாகவும் ஏரிக்கரை வழியாகவும் நடந்து பழகட்டும், அப்புறம் மலையைச் சுற்றலாம் என்று என் திட்டம். மாந்தோப்புக்குள் ஓடு போட்ட சின்ன வீடு. சென்னையில் வேலை பார்க்கும் ஒரு பையன் விடுமுறைக்கு வருகிறவர்களுக்காகக் கட்டியது. பார்த்துக்கொள்வது அவனுடைய அம்மாவும் அப்பாவும். அம்மாதான் எங்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்த பத்மாவதி. அப்பா தரணேந்திரன். ஊரில் எல்லோரும் நயினார் என்றே கூப்பிடுகிறார்கள்.

அவர்கள் ஜைனர்கள். எனக்கு அது புதிது. ஜைனர் என்றால் வடக்கேயிருந்து வந்து நகைக்கடை வைத்திருப்பவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதை அப்படியே நயினாரிடம் சொல்லியும்விட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நாங்க இந்த மண்ணுதாங்க. எத்தினி தலைமுறைனு எங்களுக்கே தெரியாது. நெல்லும் மல்லாட்டையும் தவிர வேற இன்னா தெரியும் எங்களுக்கு?"

வேர்க்கடலையைத்தான் இங்கே மல்லாட்டை என்கிறார்கள். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, மண்ணுக்கு அடியில் விளைகிற கிழங்கு எதுவும் அந்த வீட்டுச் சமையலில் கிடையாது. அப்படியானால் மல்லாட்டை மட்டும் எப்படி என்று என் கணவர் மடக்கினார். "அது கிழங்கு இல்ல அண்ணா, காய். பூ மேலதானே பூக்குது" என்று பத்மாவதி சட்டென்று சொன்னாள். இவர் இரண்டாவது கரண்டி சட்னி போட்டுக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு முதல் நடை. தோப்பைத் தாண்டினால் ஒரு மண் பாதை, அது ஏறி நிற்கிற இடம் ஏரிக்கரை. தை மாதம், மழை நன்றாகப் பெய்திருந்தது, ஏரி தளும்பத் தளும்ப இருந்தது. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பள்ளத்தில் அறுவடைக்குக் காத்திருக்கும் நெல். கரை நீண்டு வளைந்து, அக்கரையில் தார்ச்சாலையைத் தொடுகிறது. நடுவில் தண்ணீரைத் திறந்துவிடும் மதகு. மேற்கே தொலைவில், எங்கிருந்து பார்த்தாலும், அந்த மலை.

எங்கள் ஊரிலும் மலை உண்டு, ஏரி உண்டு. எங்கள் மலைகள் சுண்ணாம்புப் பாறைகள், செங்குத்தாக நிற்கும். எங்கள் ஏரிகள் ஈயம் தோண்டிய பள்ளங்கள். ஈயம் தீர்ந்ததும் விட்டுவிட்டுப் போனார்கள், மழை வந்து நிரப்பியது. எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது, பக்கத்தில் போகாதே என்றுதான் பிள்ளைகளிடம் சொல்வோம். இங்கே ஏரி ஆளோடு பழகியதாக இருக்கிறது. ஒருவர் மாடு குளிப்பாட்டுகிறார், ஒருவர் தூண்டில் போடுகிறார், ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கரையில் நிற்பவளோடு மருமகளைப் பற்றிச் சண்டை போடுகிறாள்.

முதல் பனைமரத்தடிக்குப் போனதும் நான் "உட்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். எழுந்து கொஞ்ச தூரம். "போதும், உட்காருங்க." நான் பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். உட்காரு என்று சொல்வதுதான் என் தொழில். ஒரு கையில் தண்ணீர்ப் போத்தல், தோள்பையில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை, கண் முழுக்க அவருடைய முதுகின் மேல். சட்டை நனைந்திருக்கிறதா, தோள் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். மலையை நான் சரியாகப் பார்த்ததே இல்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தாங்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"இன்னாம்மா, ஐயாவுக்கு உடம்பு முடியலியா? ரெண்டு மரத்துக்கு ஒரு வாட்டி உக்கார்றாரு."

"ஹார்ட் ஆபரேஷன் பண்ணியிருக்கு."

"அப்படியா, பாவம். அவரு உக்கார்றாரா, நீங்க உக்கார வெக்கிறீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஊர் வம்பைப் பார்க்கிறாள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு நகர்ந்தேன்.

இப்படி உட்கார்ந்து உட்கார்ந்து திரும்பியதில் தோப்புக்கு வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. வாசலில் பத்மாவதி நின்றிருந்தாள். "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன் அக்கா." நாங்கள் கை கால் கழுவி, சாவகாசமாகச் சாப்பிட்டோம். சாம்பாரில் இவர் கரண்டியை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தார். "என்னா தேடுறீங்க?" என்றேன். "வெங்காயம். ஒண்ணாவது தப்பி வந்திருக்காதா?" என்றார். சாப்பிட்டு முடித்ததும் பத்மாவதி வந்து பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனாள். அவள் வீட்டில் கூடத்து விளக்கு எரிந்தது, அடுக்களை இருட்டாகவே இருந்தது. சீக்கிரம் சமையலை முடித்துவிட்டுப் படுக்கிறவர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் கீழ்பென்னாத்தூர் கடைவீதிக்குப் போனோம். போகும் வழியெல்லாம் சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் கொட்டிக் காய வைத்திருந்தார்கள். நாங்கள் போன வேன் அதன் மேலேயே ஏறிப் போனது. என் கணவர் துடித்துப் போனார். ரோட்டில் ஒரு வாழைப்பழத் தோல் கிடந்தாலும் ஒதுக்கி ஓட்டியவர் அவர்.

"சோத்து மேல வண்டி ஓட்டுறியே தம்பி!"

"ஓட்டணும்னுதான் சார் போட்டிருக்காங்க. நாம சுத்திக்கினு போனா கோச்சுக்குவாங்க" என்றார் டிரைவர், ஹாரன் அடித்துக்கொண்டே. உண்மையா, கிண்டலா என்று எங்களுக்கு விளங்கவில்லை.

கடைவீதியில் இவருக்குச் சர்க்கரை கம்மியாக ஒரு டீ, யாருக்கும் தெரியாமல் ஒரு மெது போண்டா (எனக்குத் தெரிந்தது), மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் வேடிக்கை. சாயங்காலம் மறுபடியும் ஏரிக்கரை, மறுபடியும் உட்காருங்க, மறுபடியும் இருட்டு. அன்று மதகு வரைக்கும் போய்விட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை. "வர்றதுக்கு நேரமாவுமா அக்கா?" என்று புறப்படும்போது பத்மாவதி கேட்டதற்கு, "எங்களுக்காகக் காத்திருக்காதீங்க, நீங்க சாப்பிட்டுத் தூங்குங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தேன். "சரிங்க" என்றாள்.

அதற்கு மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே தோப்புப் பக்கம் போனேன். நயினார் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். தொட்டியில் தவிட்டோடு வெள்ளையாக என்னவோ கிடந்தது. பார்த்தால் சோறு. கூடவே முந்தின நாள் எங்களுக்கு வந்த அதே புடலங்காய்க் கூட்டு. கை படாத சோறு. ஒரு ஆள் சாப்பாடு.

"மிச்சமாயிடுச்சா?" என்றேன்.

"எங்க மிச்சம்? அவளோட சாப்பாடு இது. மூணு நாளா மாட்டுக்குத்தான் யோகம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு மெதுவாக விஷயம் வந்தது. அவர்கள் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. விளக்கு வைத்தால் அடுப்பு இல்லை, இலை இல்லை. இருட்டில் ஏதாவது சின்ன உயிர் சாப்பாட்டில் விழுந்து செத்துப்போகும் என்று அவர்கள் வழியில் அப்படி ஒரு கட்டு. தண்ணீர் மட்டும் குடிப்பார்கள். எனக்கு அது புரிந்தது. ஆனால் பத்மாவதி ஏன் வெளிச்சத்திலேயே சாப்பிடவில்லை?

"விருந்தாளி சாப்பிடாம அவ கை நனைக்க மாட்டாங்க. அவங்க அம்மா வீட்டுப் பழக்கம். எனக்கு சுகர், நான் டயத்துக்குச் சாப்பிட்டுடுவேன். நீங்க வர்றதுக்குள்ள இருட்டிடுச்சுனா அவளுக்குப் பட்டினிதான்."

பல் துலக்கும் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்தச் சாப்பாடு வெளிச்சத்தில் வந்தது, சாப்பிட்டுட்றீங்களா என்று கேட்டது, வர்றதுக்கு நேரமாவுமா என்று விசாரித்தது, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. நாங்கள் பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்ட மூன்று ராத்திரியும் அவள் எதிர்வீட்டில் வெறும் வயிற்றோடு படுத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது. சொல்லித் தொலைத்திருக்கலாமே!

நேரே போய்க் கேட்டுவிட்டேன். பத்மாவதி முதலில் புருஷனைத்தான் முறைத்தாள். "அவருக்கு வாய் சும்மா இருக்காது அக்கா. வந்தவங்க கிட்ட, நீங்க சீக்கிரம் வாங்க நான் சாப்பிடணும்னு சொல்லுவாங்களா யாராச்சும்?"

"சரி, இனிமே நாங்க லேட்டானா நீங்க பொழுதோட சாப்பிட்டுடணும். என் மேல சத்தியம்."

"சரிங்க" என்றாள்.

அந்த 'சரிங்க'வின் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. மறுத்துப் பேச மாட்டாள். தான் செய்வதைத்தான் செய்வாள்.

என் கணவரிடம் சொன்னேன். "வண்டி லேட்டா போனா டிரைவருக்கு ஒண்ணும் இல்ல. ஸ்டாப்ல நிக்கிறவங்கதான் காயணும்" என்றார். அன்று மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு அவரே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் எனக்கு முன்னால் கிளம்பி நின்றது அதுதான் முதல் தடவை.

அன்று பனைமரத்தடியில் எனக்கு வாய் வரைக்கும் வந்தது. உட்காருங்க என்று சொன்னால் ஒருத்தியின் சாப்பாடு தள்ளிப்போகும். விழுங்கிக்கொண்டேன். மதகில் மட்டும் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம். ஒன்றும் ஆகவில்லை.

வெயில் இருக்கும்போதே முற்றத்தில் பாய் விரித்துப் பத்மாவதி எங்களுக்குப் பரிமாறினாள். நாங்கள் முதல் வாய் எடுத்ததும் அவளும் எதிரே தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று நாள் பட்டினி கிடந்தவளைப் போல இல்லை, நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டாள். பாதியில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. நான் பதறிப்போய் அவள் தட்டைப் பார்த்தேன்.

"மலை மறைச்சா அஸ்தமனம் இல்லீங்க" என்றார் நயினார். "நமக்குத்தான் மறைஞ்சுது. மலைக்கு அந்தாண்ட இருக்கிறவனுக்கு இன்னும் இருக்குதே. கொஞ்ச நேரம் இருக்கும்."

அதற்குப் பிறகு எங்கள் நாட்கள் அந்த வீட்டுப் பொழுதுக்கு மாறிவிட்டன. விடியலில் வயல்வெளி, சாயங்காலம் ஏரிக்கரை, வெளிச்சத்தில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது. நான்கு பேரும் இருட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஈப்போவில் நாங்கள் எத்தனை வருஷமாக டிவி முன்னால் தட்டை வைத்துக்கொண்டு, எப்போது இருட்டியது என்றே தெரியாமல் சாப்பிடுகிறோம் என்று யோசித்தேன்.

கிரிவலத்துக்குப் பௌர்ணமிக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு நாளாகப் பார்த்து, விடியும் முன்பே கிளம்பினோம். நயினார் டார்ச் அடித்துக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தார். ஏறும்போது சொன்னார்: "நாளைக்குச் சதுர்தசி. அவ உபவாசம். இன்னிக்குச் சாயந்திரம் சாப்பிட்டா, அப்புறம் நாளான்னிக்குக் காலையிலதான்." எங்களை அவசரப்படுத்தச் சொன்னாரா, சும்மா சொன்னாரா தெரியாது. அவருக்கு வாய் சும்மா இருக்காதுதானே.

செருப்பில்லாமல் நடந்தோம். இவர் வேட்டியை மடித்துக் கட்டியதும் முழங்காலுக்குக் கீழே அந்த நீளத் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. வலது பக்கம் மலை. கூடவே வந்தது, ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு முகம் காட்டியது. ஆந்திராவிலிருந்து வந்த பெண்கள் கூட்டமொன்று எங்களைத் தாண்டிப் போனது. அதில் ஒருத்தி தெலுங்கில் மற்றவளிடம் சொன்னாள், பாதி புரிந்தது: "கால் வலிக்கிறது என்று சத்தமாகச் சொல்லாதே. சாமி இவ்வளவு பக்கத்தில் இருக்கிறார், காதில் விழும்." வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று இளநீர்க் கடையில் நின்றிருந்தது. கணவர் ஆங்கிலத்தில், "ஒரு மணி நேரமாக நடக்கிறோம், மலை அப்படியே இருக்கிறது" என்று அலுத்துக்கொண்டார். "அது நிற்பதால்தானே நாம் சுற்றுகிறோம்" என்றாள் அந்த அம்மா. என் கணவர் சிரித்தார். அவர் வழியில் அந்நியர் பேச்சைக் கேட்டுச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பாதி வழியில் அடி அண்ணாமலை வரும்போது வெயில் ஏறிவிட்டது. அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எனக்குள் அந்தப் பழைய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரி வராந்தா, பச்சைத் திரை, வெளியே வந்த டாக்டரின் முகம். இவர் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தார். நான் கையை நீட்டி ஆட்டோவை நிறுத்தினேன்.

ஆட்டோக்காரர் வேங்கிக்கால் ஆள். "பாதி நடை, பாதி ஆட்டோனு வர்றவங்க இப்ப ஜாஸ்திம்மா. சாமி ஒண்ணும் சொல்லாது" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். இவர் மறுபேச்சில்லாமல் ஏறிக்கொண்டார். மலையைப் பார்த்தபடி கொஞ்ச தூரம் வந்தபின் சொன்னார்:

"எனக்கு மூச்சு வாங்கல. ஏரிக்கரையிலயும் வாங்கல."

"அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்தீங்க?"

"நீ உட்காருன்னு சொல்றப்போ உன் முகத்தைப் பார்த்திருக்கியா? நான் உட்கார்ந்தாதான் அது சரியாகுது. வீட்டுலயும் அதான். நான் நாற்காலியில இருந்தா நீ நிம்மதியா சமைக்கிற. எழுந்தா கரண்டியோட ஓடி வர்ற. போகட்டும் லா, உட்கார்ந்தே இருப்போம்னு விட்டுட்டேன்."

இவரை நடக்க வைக்கக் கடல் தாண்டிக் கூட்டி வந்தவள் நான். பயந்தது நான், உட்கார்ந்தது அவர்.

கோயிலில் வரிசை நகரவே இல்லை. வேண்டுதலைப் பாதியில் விட்ட குற்ற உணர்ச்சியில் நான்தான் தரிசனம் பார்க்காமல் வர மாட்டேன் என்று அடம் பிடித்தேன். வெளியே வந்து பஸ் ஏறும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. நேரே போனால் வெளிச்சத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் நாங்கள் தங்கியிருந்த ஊரின் பிரிவுக்கு முந்தின நிறுத்தத்தில் டமார் என்று சத்தம். பின் டயர். என் கணவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஸ்டெப்னி மாத்தணும். ஜாக்கியைத் தேடுறாங்க. இது இப்ப ஆகாது." ஆட்டோ எதுவும் கண்ணில் படவில்லை.

நான் பத்மாவதிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி, கெஞ்சாத குறையாக, நீங்க இப்பவே சாப்பிட்டுடுங்க என்றேன்.

"சரிங்க" என்றாள். "நீங்க பொறுமையா வாங்க அக்கா."

நான் போனை இறக்கினேன். "சரிங்கன்னுட்டாங்களா?" என்று கேட்டார் இவர். தலையாட்டினேன். அவர் சாலைக்குக் கீழே பார்த்தார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஏரிக்கரையின் மறுமுனை. இந்த முனையிலிருந்து ஒரு நாளும் நடந்ததில்லை. முழுக் கரையையும் ஒரே மூச்சாக நடந்ததும் இல்லை. காலையில் பாதி மலையைச் சுற்றிய கால்.

"நாளைக்கு அந்தப் பொண்ணு உபவாசம்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். சும்மா பார்த்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கும் பார்வை.

"நடங்க" என்றேன்.

அவர் ஓடவில்லை. பஸ் ஓட்டும்போது அவருக்கென்று ஒரு வேகம் உண்டு, ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது, நேரத்துக்கு ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அந்த வேகத்தில் போனார். என் பாதம் கொப்பளித்திருந்தது, நான் பின்தங்கிவிட்டேன். "நீங்க போங்க" என்று கத்தினேன். போனார். ஏரித் தண்ணீரில் வானம் முழுக்கச் சிவந்து கிடந்தது. எனக்குப் பின்னால் கிட்டத்தட்ட முழு நிலா ஏறியிருந்தது. எதிரே அவர் சின்னதாகிக்கொண்டே போனார். சட்டை நனைந்திருக்கிறதா என்று பார்க்க முடியாத தூரம். மாத்திரை என் பையில் இருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது, என் நெஞ்சு.

மதகில் அந்த ஆட்டுக்காரப் பெண் ஆடுகளை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தாள். அவளும் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"ஐயா உக்காராமப் போறாரே!"

"உட்கார மாட்டார்" என்றேன்.

அங்கே வரும்போதுதான் சூரியன் மலைக்குப் பின்னால் போனது. மறைந்துவிட்டதே என்று அழுகை முட்டியது. மலைக்கு அந்தாண்ட இருக்கிறவனுக்கு இன்னும் இருக்கிறது என்று நயினார் சொன்னது ஞாபகம் வந்தது. அந்தாண்ட இருக்கிற அந்த ஆள் யாரோ, அவனுக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே காலை இழுத்து இழுத்து நடந்தேன்.

தோப்புக்குள் நுழைந்தபோது என் கணவர் முற்றத்தில் பாயின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்து, தலைமுடியெல்லாம் வியர்வை. வாய் நிறையச் சோறு. கையால் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"வா, உட்காரு. நீ ஒரு வாய் எடுத்தாதான் அவங்க சாப்பிடுவாங்க."

பத்மாவதி தட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். நான் கைகூடக் கழுவாமல் உட்காரப் போனேன். "கை கழுவுங்க அக்கா, இருக்குது, வெளிச்சம் இருக்குது" என்று செம்பை நீட்டினாள். முதல் வாய் எனக்கு என்ன ருசி என்றே தெரியவில்லை. அவள் மேற்கே பார்த்தபடி எதிரே உட்கார்ந்து, மளமளவென்று, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி, ஈரக் கையை எங்களுக்குத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். நயினார் எழுந்துபோய் வாசல் விளக்கைப் போட்டார்.

நான் இவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். பழக்கம். வேகமாகத்தான் அடித்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே நிதானமாகிவிட்டது. அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"ஊருக்குப் போனதும் காலையில மார்க்கெட்டுக்கு நான் நடந்து போறேன்" என்றார். "தனியா. நீ பின்னாடி வரக் கூடாது."

"சரிங்க" என்றேன்.

பத்மாவதி பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.